அந்த 48 மணி நேரம்

விருத்தாசலத்துல இருந்து பேசுறேன். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி தண்டுவடத்தை அழுத்தினா, ஆபரேஷன் பண்ணலாமா? ஒரு காலத்துல பின்பக்க எலும்பை மட்டும்தான் எடுத்தாங்க. ஆனா கட்டி பெரும்பாலும் இருக்கிறது முன்பக்கம்! பலன் தெரியல, கதிர்வீச்சே போதும்னு டாக்டர்கள் ஒதுங்கிட்டாங்க.

2005-ல 'லான்செட்' இதழில் வந்த அமெரிக்க டாக்டர் பேட்செல் குழுவின் ஆய்வு இதை மாற்றியது. மொத்தம் 101 பேர். அழுத்தும் கட்டியை நேரடியா எடுத்து, பிறகு கதிர்வீச்சும் கொடுத்தவங்கள்ல 84% பேர் நடந்தாங்க. கதிர்வீச்சு மட்டும்னா 57%. ஆய்வில் சேர இருந்த நிபந்தனைகள்ல ரெண்டு: குறைந்தது 3 மாசம் வாழ்வார்னு தோணணும், கால் முழுசா செயலிழந்து 48 மணி நேரம் தாண்டியிருக்கக் கூடாது.

நம்ம ஊர்ல தைலம் தேய்ச்சு "ரெண்டு நாள் பார்ப்போம்"னு சொல்றோமே, அதுவே 48 மணி நேரம்தான். புற்றுநோய் வந்தவருக்குப் புதுசா முதுகுவலி, கால் தளர்ச்சியா? நடக்க முடியுறப்பவே புதுச்சேரிக்கோ சென்னைக்கோ கிளம்பிடுங்க.