நீலகிரியின் கொசு இனங்கள்: ஒரு கணக்கெடுப்பின் வரலாறு

நீலகிரி மலையின் கொசு இனங்களைப் பிரித்தறிந்து பட்டியலிடும் பணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த மலேரியா ஆய்வுகளோடு தொடர்புடையது. ஓரிடத்தில் கொசு இருக்கிறதா என்பது மட்டும் போதாது. எந்த இனம், எந்த உயரத்தில், எவ்வகை நீரில் வளர்கிறது என்று தெரிந்தால்தான் நோயைத் தடுக்க முடியும்.

சீகூர் சரிவில் ரொனால்டு ராஸ்

ஆங்கிலேயர் காலத்தில் உதகமண்டலம் உடல்நலம் தேறும் இடமாகக் கருதப்பட்டது. அதன் வடக்கே இறங்கும் கல்லட்டி, சீகூர் சரிவுகளோ காய்ச்சலுக்குப் பெயர்போனவை. 1897 ஏப்ரலில் இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ் அச்சரிவுக்கு ஆய்வுக்காகச் சென்றார். சில நாட்களில் அவரையே மலேரியா தாக்கியது.

அதற்கு முன் செகந்திராபாத்தில் 1895 முதல் அவர் கொசுக்களை அறுத்துப் பார்த்துவந்தார். கொசுக்களின் அறிவியல் பெயர்கள் அவருக்குத் தெரியாது. சாம்பல் நிறக் கொசு, வரிக்கொசு என்று தோற்றத்தை வைத்தே குறித்துக்கொண்டார். இன்று அவை கியூலெக்ஸ், ஏடிஸ் பேரினங்களாக அறியப்படுகின்றன. இவ்விரண்டும் மனித மலேரியாவைப் பரப்புவதில்லை. ஆகவே ஈராண்டு உழைப்பு வீணானது. 1897 ஆகஸ்ட் 20 அன்று, இறக்கையில் புள்ளிகளுள்ள கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அது அனோபிலிஸ். இப்பணிக்காக 1902ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

பெயரும் பட்டியலும்

அடுத்த தலைமுறையில் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த கிறிஸ்டோபர்ஸ், இந்திய அனோபிலிஸ் இனங்களைத் தொகுத்து 1933இல் நூலாக வெளியிட்டார். பிற கொசுக்களைப் பற்றிய பாரோவின் தொகுதி 1934இல் வந்தது. கிறிஸ்டோபர்ஸ் 1924இல் விவரித்த அனோபிலிஸ் நில்கிரிகஸ் இம்மலையின் பெயரையே தாங்கியுள்ளது. இமயமலையில் வாழும் அனோபிலிஸ் லிண்ட்சேயிக்கு அது நெருங்கிய உறவு.

பிற்காலத்தில் மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்பணியைத் தொடர்ந்தது. தமிழ்நாட்டுப் பகுதியின் அனோபிலிஸ் கொசுக்கள் குறித்த திவாரி, ஹிரியன், ரூபன் ஆகியோரின் ஆய்வு 1987இல் வெளியானது.

கணக்கெடுக்கும் முறை

ஓடை, குட்டை, மரப்பொந்து, மூங்கில் துண்டு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து புழுக்களை எடுத்து, கொசுவாகும்வரை வளர்த்து இனம் காண்பர். மாட்டுத் தொழுவங்களில் வளர்ந்த கொசுக்களை உறிஞ்சுகுழாயால் பிடிப்பர். தெளிந்து மெல்ல ஓடும் மலை ஓடையில் வளரும் அனோபிலிஸ் புளூவியாடிலிஸ் மலேரியாவைப் பரப்பும். டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்பக்கூடிய ஏடிஸ் அல்போபிக்டஸ் மரப்பொந்திலும், வீட்டருகே கிடக்கும் சிரட்டையிலும் வளரும். முன்னதற்கு ஓடையைக் கவனிக்க வேண்டும். பின்னதற்குத் தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்த்தாலே பெரும் பயன் உண்டு.

கீழ் கோத்தகிரி போன்ற சரிவுகள்

கோத்தகிரிக்குக் கிழக்கே தேயிலைத் தோட்டங்களும் சோலைகளும் நிறைந்த கீழ் கோத்தகிரியிலிருந்து நிலம் பவானிசாகர் சமவெளியை நோக்கி இறங்குகிறது. குறுகிய தொலைவிலேயே குளிரும் வெப்பமும் மாறும் இத்தகைய சரிவுகளுக்கு உதகையின் பட்டியலும் பொருந்தாது, சமவெளியின் பட்டியலும் பொருந்தாது. உயரம்தோறும், பருவம்தோறும் தனியே சேகரித்தால்தான் எந்த இனம் எதுவரை ஏறியுள்ளது என்பது தெரியும்.