பழைய மோரிஸ் மைனரில் பேட்டரி இறங்குகிறதா? புதியது வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்

செமிலிங் - தாத்தா, அப்பா நினைவாக மோரிஸ் மைனர் காரைப் பாதுகாப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி, பேட்டரி இறங்கிப்போவதுதான். உடனே புது பேட்டரி வாங்குகிறார்கள். ஆனால் கோளாறு சார்ஜ் செய்யும் பகுதியில் இருந்தால், புதியதும் சில நாளில் படுத்துவிடும்.

1948 முதல் 1971 வரை தயாரான இக்காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது. டைனமோவும் அதைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல் பெட்டியும்தான் உண்டு. பேட்டரியின் பிளஸ் முனை காரின் பாடியோடு இணைந்திருக்கும். இக்கால கார்களுக்கு இது நேர்மாறு. சில கார்களை இடையில் மாற்றியிருப்பார்கள். எனவே முதலில் அதை உறுதிசெய்யுங்கள்.

பெல்ட்: நடுவில் அழுத்தினால் அரை முதல் ஓர் அங்குலம் வரை அசையலாம். அதிகம் தளர்ந்தால் வழுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் கெடும்.

சிவப்பு விளக்கு: சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் வேகமெடுத்ததும் அணைய வேண்டும். காரை நிறுத்தி இன்ஜின் மெதுவாக ஓடும்போது லேசாக மின்னினால் பயப்பட வேண்டாம். வேகத்திலும் அணையாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை.

வோல்ட்: இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். வேகமாக ஓடும்போது அது உயராவிட்டால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டி நீடித்தால் கண்ட்ரோல் பெட்டியைச் சோதிக்க வேண்டும்.

டைனமோ: D, F வயர்களை அடையாளமிட்டுக் கழற்றி, டைனமோவின் அந்த இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் சேருங்கள். பிளஸ் பாடியில் உள்ள காரில், மீட்டரின் மைனஸை அந்த முனையிலும் பிளஸை பாடியிலும் வையுங்கள். இன்ஜினை மெல்ல முடுக்குங்கள். 20 வோல்ட்டை எட்ட விடாதீர்கள்.

வோல்ட் சீராக ஏறினால் டைனமோ நல்லது. கோளாறு பெட்டியிலோ வயரிலோ இருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் கார்பன் பிரஷைப் பாருங்கள். அரை முதல் ஒரு வோல்ட் என்றால் ஃபீல்டு காயில், 4 அல்லது 5 வோல்ட் என்றால் ஆர்மேச்சர் மீது சந்தேகம். பிரஷ் மாற்றினாலே பல டைனமோக்கள் பிழைத்துவிடும். அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம்.

கோளாறே இல்லாமலும் பேட்டரி இறங்கும். டைனமோ மெதுவாகச் சுற்றும்போது மின்சாரம் குறைவு. மழை இரவில் விளக்கும் வைப்பரும் போட்டு சுங்கைப் பட்டாணி நெரிசலில் நின்றால், வரவைவிடச் செலவு மிகும். வாரம் ஒருமுறை பகலில் சற்று தூரம் சீரான வேகத்தில் ஓட்டினால் அந்தக் கணக்கு நேராகும்.