குருவில்லாத கோவிற்பற்றுகள்: ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் இல்லறத்தாரின் இறைபணி

ஒரு சமயத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் குருமாரையும் கோவில்களையும், அவற்றைப் புரந்த அரசுகளையுமே முதன்மைப்படுத்துவர். இவை மூன்றும் இல்லாதொழிந்த காலத்தில் ஒரு சமயம் எங்ஙனம் உயிர்வாழ்ந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் எதிர்நோக்கிய நிலை இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதொரு களமாகும். முழுமனதோடு இறைவனுக்கு ஊழியம் செய்தல் என்பது துறவிகளுக்கும் குருமாருக்கும் மட்டும் உரியதன்று; உழவும் மீன்பிடியும் மனையறமுமாக வாழும் எளிய மக்களின் அன்றாட வாழ்விலும் அது வேரூன்றக்கூடியது என்பதற்கு அக்கால வரலாறே சான்று பகருகின்றது.

யாழ்ப்பாண இராச்சியம் 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களது ஆட்சியில் சைவக் கோவில்கள் பல இடிக்கப்பட்டன. பெருந்தொகையான மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். இவர்களுள் மெய்யான நம்பிக்கையினால் மதம் மாறியோரும் இருந்தனர். பதவியையும் பாதுகாப்பையும் வேண்டி மாறியோரும் இருந்தனர். ஆட்சியாளரின் அதிகாரம் மதமாற்றத்தோடு பின்னிப்பிணைந்து நின்றது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மை செய்ததாகாது. ஆயின், 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் வீழ்ந்ததும் அந்த அதிகாரம் மறைந்தது. சலுகைக்காக மட்டுமே தழுவப்பட்ட சமயமாயின் சலுகையோடு அதுவும் மறைந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் முற்றாக மறையாமையே இங்கு விளக்கம் வேண்டி நிற்கும் செய்தியாகும்.

சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, கத்தோலிக்க குருமாரை நாட்டினின்றும் வெளியேற்றியது. அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை விதிக்கப்படுமென 1658இலேயே கட்டளை பிறப்பிக்கப்பட்டது. போர்த்துக்கேயர் கட்டிய கோவில்கள் புதிய திருச்சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. பிலிப்பு பல்தேயு என்னும் ஒல்லாந்தப் போதகர் யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுகளை ஒழுங்கமைத்ததோடு, அவற்றைப் பற்றி 1672இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகவும் எழுதியுள்ளார். பிறப்பும் மணமும் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இடம்பெற்றாலன்றிச் சொத்துரிமையும் பதவியும் ஐயத்துக்குள்ளாயின. ஆகவே பகலில் அரசின் சமயமும் இரவில் தம் முன்னோரின் சமயமுமாகப் பல குடும்பங்கள் வாழ நேர்ந்தது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு நிலையான குரு எவரும் இருந்திலர். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, திருநாள் இல்லை. எஞ்சியவை இல்லத்துச் செபமும் செபமாலையும், தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரங்களுமே. குரு இல்லாவிடத்து அவசர வேளையில் எக்கிறிஸ்தவனும் திருமுழுக்கு அளிக்கலாம் என்னும் திருச்சபை விதி இக்காலத்தில் பேருதவியாயிற்று. மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தேவமாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு மருதமடுக் காட்டினுட் புகுந்தன என்று மடுத்திருப்பதி மரபு கூறுகின்றது. திருச்சொரூபத்தைக் காத்தவர்கள் குருமாரல்லர், குடும்பத்தாரே என்பது அம்மரபின் உட்பொருளாகும்.

இந்நிலையிலேயே கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்கு வந்தார். 1651இல் பிறந்த அவர், குருவென அடையாளங் காணப்படாதிருக்கும் பொருட்டு ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்திறங்கினார். யாழ்ப்பாணத்தில் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டோரின் முகக்குறிப்பிலிருந்தே கத்தோலிக்கர் எவரென அவர் அறிந்துகொண்டார் என்பர். பின்னர் வலிகாமத்துச் சில்லாலை மக்கள் அவரைத் தம்மிடையே வைத்துக் காத்தனர். அடைக்கலம் அளித்தலின் தண்டனை யாதென அறிந்திருந்தும் அவர்கள் அதனைச் செய்தனர். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது அடிகளார் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். அடிகளாரின் துணிவு பலராலும் போற்றப்பட்டுள்ளது. ஆயின் அவர் வந்தபோது கதவைத் திறந்துவிட்ட இல்லத்தாரின் துணிவு அதனினும் குறைந்ததன்று. துறவிக்குத் தன்னுயிர் ஒன்றே பணயம். இல்லறத்தானுக்கோ மனைவி மக்களும் காணி பூமியும் பணயமாகும்.

கண்டியில் ஒற்றனெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிருந்த அடிகளார், காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். 1697இல் அந்நகரைப் பெரியம்மை பீடித்தபோது உற்றாரும் கைவிட்டு நீங்கிய நோயாளரை அவர் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்தர், கத்தோலிக்கர் என்னும் வேறுபாடு அங்குப் பாராட்டப்படவில்லை. கிறிஸ்தவ அரசொன்றினால் வேட்டையாடப்பட்ட கிறிஸ்தவ குருவுக்குப் பௌத்த மன்னனே புகலிடம் அளித்தான் என்பது சிந்தித்தற்குரியது.

அடிகளாரின் நிலையான சாதனை அவர் உருவாக்கிய ஒழுங்கமைப்பேயாகும். குரு ஆண்டுக்கு ஒருமுறையே வரக்கூடிய ஊர்களில் மூப்பரும் அண்ணாவியாரும் பொறுப்பேற்றனர். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபிப்பித்தல், சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பித்தல், மரணத் தறுவாயிலிருப்போர்க்குத் துணைநிற்றல் ஆகியன அவர்கள் கடமைகளாயின. 1705இல் வந்துசேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றிய நூல்கள் இவ்வமைப்புக்கு உறுதுணையாயின. அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் பாடி வாசிக்கப்படும் நூலாக ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே நிலைபெற்றது. இவ்வாறு, பூசையின்றியும் பக்தி நிலவுதற்கு ஊர்மக்களின் நாவும் செவியும் கருவிகளாயின.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழுதல் கூடும். பதிவேட்டுக்காக ஒல்லாந்தரின் ஆலயத்திற்குச் சென்றோரை முழுமனதான பக்தியுடையோர் எனக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? இரண்டு முகங்கொண்ட வாழ்க்கை உண்மைக்கு ஒவ்வாதது அன்றோ? இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அச்சத்தினால் நம்பிக்கையைக் கைவிட்டோரும் பலர் இருந்தனர். எனினும் இதே காலத்தில் யாழ்ப்பாணத்துச் சைவர்களும் இத்தகைய இருமுக வாழ்வையே வாழ்ந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியில் எறிய அஞ்சி வீட்டுக் கூரையிற் செருகி மறைத்தனர் என்னும் செவிவழிச் செய்தி இன்றும் வழங்குகின்றது. கூரையிற் செருகிய இலையும் மடியில் மறைத்த செபமாலையும் ஒரே உண்மையைப் புலப்படுத்துவன. அரசின் கட்டளை மனிதனின் வெளிநடையை ஆளலாம். அவன் அடுக்களையையும் பிள்ளையின் முதற்சொல்லையும் ஆளுதல் அரிது.

இவ்வுண்மையைப் பிற்கால நிகழ்ச்சிகள் உறுதிசெய்தன. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றது. 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினார். கட்டாயமும் சலுகையும் நீங்கியதும், பதிவேடுகளிற் பெருந்தொகையினராகக் காணப்பட்ட சீர்திருத்தத் திருச்சபையினர் விரைவிலே அருகினர். சைவக் கோவில்கள் மீண்டும் எழுந்தன. கத்தோலிக்கரும் வெளிப்பட வழிபட்டனர். சட்டத்தினால் நிறுவப்பட்டது சட்டத்தோடு சாய, இல்லங்களிற் காக்கப்பட்டவை நிலைத்தன.

யோசேப் வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் மறைந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவருக்குக் கஞ்சி வார்த்த கைகளின் பெயர்கள் எப்பட்டியலிலும் இடம்பெறவில்லை. எனினும், ஆண்டுக்கணக்கில் எவரும் காணாதவிடத்து மாலைதோறும் விளக்கேற்றிச் செபித்த அம்மக்களின் ஊழியம் இன்றேல், அடிகளார் தேடிவந்தபோது கண்டுகொள்வதற்கு ஒரு திருச்சபையே இருந்திராது. வரலாற்று மாணவன் அரசாணைகளையும் குருமாரின் கடிதங்களையும் படிக்கும்போது, அவற்றில் எழுதப்படாத இவ்வீடுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.