கடலைப் படித்தவரும் கடலில் பிழைப்பவரும்

பொந்தியான் மாவட்டத்தின் தென்கோடியில் குக்கூப். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகள், கூண்டுகளில் மீன் வளர்ப்பு, எதிரே சதுப்புக் காடு மூடிய பூலாவ் குக்கூப். வார இறுதியில் கடல் உணவு சாப்பிடக் கிளம்புகிறவர்களுக்குப் பழக்கமான ஊர்தான். அங்கிருந்து சிறு படகில் புறப்படும் மீனவருக்குக் கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. கரையிலிருந்து 5 கடல் மைல், ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அதற்குள் இழுவலைப் படகு வரக்கூடாது.

இந்தக் கோட்டைப் போட்டது யார்? மீன் எங்கே முட்டையிடும், எங்கே வளரும் என்று ஆராய்ந்து அறிஞர்கள் மட்டும் போட்டதா? இல்லை. சண்டையிட்டுச் செத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்ப உதவியுடன் தாய்லாந்தில் பரவியது இழுவலை. அங்கே அது குவித்த மீனைப் பார்த்து மலேசியாவின் மேற்குக் கரையும் அதைப் பிடித்துக்கொண்டது. மலாய்க்காரர்கள் 'புக்காட் துண்டா' என்கிறார்களே, அதுதான். கடலடியை உழுதபடி போகும் பை போன்ற வலை. இறாலும் வரும், பெரிய மீனும் வரும், வளராத குஞ்சும் வரும். சந்தையில் விலை போகாத குஞ்சுக்கு 'ஈக்கான் பாஜா', அதாவது உரமீன் என்று பெயர். நாளை ஒரு கிலோ எடைக்கு வளர வேண்டிய மீன் இன்று வாத்துக்குத் தீனி!

கரையோர மீனவர்கள் கொதித்தார்கள். போட்டு வைத்த வலைகள் அறுந்தன. மீன் குறைந்தது. 1964 முதல் 1976 வரை நடந்த மோதல்களில் குறைந்தது 34 மீனவர்கள் உயிரிழந்தார்கள். கரையோரப் படகுகள் 62, இழுவலைப் படகுகள் 45 மூழ்கின. இடையில் 1967-ல் விதிகள் வந்தன; மோதல் நிற்கவில்லை. 1981-ல்தான் கடல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. முதல் 5 மைல் பாரம்பரிய மீனவருக்கு, 5 முதல் 12 மைல் சிறிய இழுவலைப் படகுகளுக்கு, அதற்கு அப்பால் பெரிய படகுகளுக்கு. (30 மைலுக்கு அப்பால் என்றும் ஒரு மண்டலம் உண்டு. குக்கூப்பிலிருந்து நேர் எதிரே அவ்வளவு தூரம் போக முடியாது. அதற்குள் இந்தோனேசியாவின் கரிமுன் தீவு வந்துவிடும். தேசிய வரைபடத்தில் போடும் கோட்டுக்கும் உள்ளூர்க் கடலுக்கும் உள்ள பொருத்தம் இவ்வளவுதான்.)

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் படித்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எண்ணிக்கொண்டிருந்தார்கள். கரைக்கு வந்து சேர்ந்த மீனின் மொத்த எடையை எண்ணினார்கள். இழுவலைப் படகுகள் பெருகப் பெருக அந்த எடையும் கூடியது. கணக்கைப் பார்த்தால் கடல் செழிப்பாகத்தான் இருந்தது. கரையோர மீனவர் பார்த்ததோ வேறு கணக்கு. நேற்று ஒரு மணி நேரத்தில் கிடைத்தது இன்று மூன்று மணி நேரமானாலும் கிடைக்கவில்லை, கிடைத்ததும் சிறுத்துவிட்டது. இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் அளந்தது மொத்தத்தை, மற்றவர் அளந்தது மிச்சத்தை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பின்னாளில் மீன்வள இலாகா தானே வலை இழுத்து ஆய்வு நடத்தியபோது, கடலடி மீன் பெருமளவு குறைந்திருப்பது தெரிய வந்தது. படகுத்துறையில் அது பழைய செய்தி.

பணக்கார நாடுகளில் இப்படி நடக்காது என்று நினைத்தால் அது தவறு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன்தான் ஊருக்கே சோறு. 1980களில் அங்குள்ள கரையோர மீனவர்கள் மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று முறையிட்டார்கள். அரசு விஞ்ஞானிகள் ஆழ்கடல் ஆய்வையும் பெரிய இழுவலைக் கப்பல்களின் பிடிப்பையும் நம்பினார்கள். மீன் எஞ்சிய இடங்களில் கூட்டமாகத் திரண்டது. நவீனக் கருவி வைத்திருந்த கப்பல்கள் அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தன. அதனால் பிடிப்பு குறையவே இல்லை! 1986-ல் மீனவர் சங்கமே தன் செலவில் உயிரியலாளர்களை அமர்த்தி அரசின் கணக்கைச் சோதிக்கச் சொன்னது. கணக்கு மிகை என்று அவர்கள் சொன்னார்கள். காது கொடுத்தவர் குறைவு. 1992 ஜூலை 2-ல் காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். கரையோர மீனவர்களையே ஆய்வாளர்களாக்கி, அவர்கள் கையாலேயே மீனை அளக்கச் சொல்லும் திட்டம் 1995-ல் வந்தது. கடல் காலியான பிறகு!

கேரளத்தில் கதை கொஞ்சம் நல்லபடியாகத் திரும்பியது. 1953-ல் இந்திய-நார்வே திட்டம் வந்த கரை அது. இழுவலை பெருகியதும், மழைக்காலத்தில் மீன் முட்டையிடுகிறது, அப்போதாவது இழுவலையை நிறுத்துங்கள் என்று நாட்டுப்படகு மீனவர்கள் கேட்டார்கள். ஆதாரம் எங்கே என்று கேள்வி வந்தது. 1981-ல் பாதிரியார் தாமஸ் கோச்சேரி உண்ணாவிரதம் இருந்தார். குழு அமைத்தார்கள்; அதில் ஒருமித்த முடிவு வரவில்லை. மறுபடி குழு, மறுபடி போராட்டம். கடைசியில் கடல் உயிரியலாளர் பாலகிருஷ்ணன் நாயர் தலைமையில் குழு அமைந்த காலத்தில்தான், 1988-ல் மழைக்காலத் தடை உறுதியாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாள் தடை. பிறகு அது 61 நாளானது.

மீனவர் சொல் ஆய்வகத்துக்குப் போவது ஒரு வழி. ஆய்வகத்தின் சொல் மீனவருக்கு வருவதற்கும் வழி வேண்டுமே! புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊர். 1990களின் இறுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் திறந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் கை வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். இதே போல் ஒலிபெருக்கி வைத்த இன்னொரு ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26-ல், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் தொலைபேசியில் எச்சரிக்க, ஒலிபெருக்கி அலறியது, ஊர் தப்பியது. மீன் விலைக்கும் அலைக்கும் வைத்த கருவிதான் அன்று உயிர் காத்தது.

அந்தச் சிங்கப்பூருக்கு அக்கரையில்தான் பொந்தியான் கடல். 2003 ஜனவரி 31-ல் பூலாவ் குக்கூப், தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் மூன்றும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாயின. சுங்கை பூலாய் முகத்துவாரத்தில் கடற்புல் திடல் உண்டு. கடற்குதிரைகள் வாழும் இடம், இறாலும் மீனும் குஞ்சாக வளரும் தொட்டில். அலை வடியும்போது எந்தப் பக்கம் புல் தலை காட்டும், எங்கே நண்டு கிடைக்கும் என்பதெல்லாம் அங்குள்ள மீனவருக்கு மனப்பாடம். 2014-ல் அதன் அருகே ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்துக்காகக் கடலில் மண் கொட்டத் தொடங்கினார்கள். விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு அதற்குப் பிறகுதான் நடந்தது. நடுவில் வேலை நிறுத்தப்பட்டது. 2015 ஜனவரியில் மதிப்பீடு நிபந்தனைகளோடு ஏற்கப்பட்டு மறுபடி தொடர்ந்தது. மீனவர்களுக்கு 'சாகு ஹாத்தி' என்று உதவித்தொகை கொடுத்தார்கள். புல் எங்கே இருக்கிறது என்று அவர்களைக் கேட்டிருக்க வேண்டிய நாள், முதல் லாரி மண்ணுக்கு முந்தைய நாள்.