காற்றுக்குப் பயந்த தாது

வெற்றிலையில் தடவுகிறோமே சுண்ணாம்பு... அது உலகின் அபூர்வமான தாதுக்களில் ஒன்று என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால், அதுதான் உண்மை!

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றினால் கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. பல ஆயிரம் வருடங்களாக மனிதன் செய்துவரும் சமாசாரம்தான். சூளையும் இல்லாமல் கொத்தனாரும் இல்லாமல் இயற்கை தானாகவே செய்துவைத்த அதே பொருள், ஒரு தாதுவாகப் பதிவானது 1933-ல்தான். இடம், வட அயர்லாந்தில் லார்ன் என்ற துறைமுக ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்காட் ஹில் குன்று. கண்டறிந்தவர், ஆஸ்திரேலியாவில் பிறந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் செசில் எட்கர் டில்லி.

சுமார் 6 கோடி வருடங்களுக்கு முன்பு, அங்கே சீமைச் சுண்ணாம்புப் பாறையைத் துளைத்துக்கொண்டு எரிமலைக் குழம்பு மேலே வந்தது. அந்தச் சூட்டில் வெந்து பிறந்த தாதுக்களில் ஒன்று லார்னைட். இதையும் 1929-ல் அடையாளம் காட்டியவர் டில்லிதான். சிமென்ட் ஆலைச் சூளையிலும் கிட்டத்தட்ட இதே பொருள் உருவாகிறது! பிற்பாடு அதன்மேல் தண்ணீர் பட, சிமென்ட்டில் தண்ணீர் விட்டால் என்ன ஆகுமோ, அதேதான் ஆயிற்று. கால்சியம் ஹைட்ராக்சைடு படிகங்கள் முளைத்தன.

டில்லி அதற்கு வைத்த பெயர், போர்ட்லண்டைட். போர்ட்லண்ட் என்பது இங்கிலாந்தின் தென்கரையோரம் இருக்கும் ஒரு தீவு. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கல், அந்த ஊர்க் கல்தான். 1824-ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் தன் புது சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 'கெட்டியானதும் அந்தக் கல் மாதிரியே இருக்கிறது' என்று போர்ட்லண்ட் சிமென்ட் எனப் பெயர் வைத்தார். சிமென்ட்டில் உண்டாகும் பொருளாச்சே என்று தாதுவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. போர்ட்லண்ட் தீவுக்கும் அந்தத் தாதுவுக்கும் வேறு எந்த உறவும் கிடையாது!

சரி, ஏன் அபூர்வம்? நகத்தாலேயே கீறக்கூடிய இந்த மெத்தென்ற தாதுவுக்கு எதிரி, காற்று. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் சேர்ந்தால் போதும், மெதுவாக மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் வருஷம் போகப்போக இறுகுவது இதனால்தான்.

அங்கே வரமாக இருப்பது, நம் கான்கிரீட் வீட்டில் சாபம். இறுகிய சிமென்ட்டில் சுமார் கால் பங்கு போர்ட்லண்டைட். அது தரும் கடுமையான காரத்தன்மைதான், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய படலத்தைக் காப்பாற்றித் துருவேறாமல் தடுக்கிறது. காற்று உள்ளே புகப்புக, போர்ட்லண்டைட் தீர்ந்துகொண்டே வரும். காரம் குறைந்து, கம்பி துருப்பிடித்துப் பருக்கும். ஒரு நாள் கூரைக் காரை பெயர்ந்து, கம்பி பல்லிளிக்கும்!

வீடு கட்டும்போது, 'கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வெச்சீங்களா? தண்ணி ஒழுங்கா விட்டீங்களா?' என்று இன்ஜினீயர் தொணதொணப்பார். கோபப்படாதீர்கள். காற்றுக்கும் கம்பிக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் நல்ல கான்கிரீட் நிற்கிறது என்பதில்தான் உங்கள் கூரையின் ஆயுசு இருக்கிறது.