சாம், மைக், வில்: "பிளிட்ஸ்" அழைப்புகளுக்குப் பெயர் வந்த கதை

அமெரிக்கக் கால்பந்தை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பந்து இன்னும் தரையில்தான் இருக்கிறது, யாரும் ஓட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் ஏன் எல்லோரும் இப்படிக் கத்துகிறார்கள்? ஒருவர் "மைக்! மைக்!" என்று கை காட்டுகிறார். இன்னொருவர் ஏதோ ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்கிறார். உண்மையில் அந்தக் கூச்சலில் வீணான சொல் என்று எதுவும் கிடையாது. எதிரியின் மேல் யார் பாயப் போகிறார், எந்த வழியாகப் பாயப் போகிறார் என்பதைச் சில நொடிகளில் சொல்லி முடிக்கும் ஒரு மொழி அது. அந்த மொழி எப்படி உருவானது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் வந்தபோது எப்படி மாறியது என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் ஆட்டம்

அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். அந்த அணியின் மூளை குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள்.

தடுக்கும் அணி மூன்று அடுக்காக நிற்கும். முன்வரிசையில் பருமனான ஆட்கள், கடைசியில் வேகமாக ஓடக்கூடியவர்கள், இரண்டுக்கும் நடுவில் லைன்பேக்கர்கள். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுப் பாய்வதுதான் லைன்பேக்கரின் வழக்கமான வேலை. அப்படிக் காத்திருக்காமல், பந்து நகர்ந்த அந்த நொடியிலேயே தன் இடத்தை விட்டுவிட்டு எதிரணியின் சுவருக்குள் புகுந்தால் அதற்குப் பெயர் பிளிட்ஸ்.

இதில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. குவார்ட்டர்பேக்குக்கு யோசிக்க நேரம் இருக்காது, அது லாபம். ஆனால் லைன்பேக்கர் விட்டுப்போன இடம் காலியாகிவிடும், அதுதான் ஆபத்து. யார் போகிறார் என்று கூட இருக்கும் பத்து பேருக்கும் தெரிந்தால்தான் அந்த ஓட்டையை அடைக்க முடியும். எனவே இந்தப் பாய்ச்சலுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

சிவப்பு நாய்

ஆரம்பத்தில் இதைப் பிளிட்ஸ் என்று யாரும் சொல்லவில்லை. "ரெட் டாக்", அதாவது சிவப்பு நாய் என்றுதான் சொன்னார்கள். 1948 முதல் 1950 வரை நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் ஆடிய டான் எட்டிங்கர்தான் இதற்குக் காரணம் என்பார்கள். செம்பட்டைத் தலைமுடி கொண்ட அவருக்கு "ரெட்" என்பது செல்லப்பெயர். காத்திருக்க வேண்டிய இடத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை நாய்போலத் துரத்திக்கொண்டு ஓடியதால் முடியின் நிறமும் துரத்தலும் சேர்ந்து பெயராகிவிட்டன. அந்த நாய் இன்றும் போய்விடவில்லை. இரண்டு லைன்பேக்கர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் புகுந்தால் "கிராஸ் டாக்". தான் கவனிக்க வேண்டிய ஆள் ஓடாமல் சுவரிலேயே நின்றுவிட்டால் லைன்பேக்கர் சும்மா நிற்காமல் பாய்வது "கிரீன் டாக்".

போரிலிருந்து வந்த சொல்

ஜெர்மன் மொழியில் "பிளிட்ஸ்" என்றால் மின்னல். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் அதிவேகத் தாக்குதல்களுக்கு "பிளிட்ஸ்கிரீக்" என்ற பெயர் பரவியது. 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை லண்டன் மீது குண்டு விழுந்த மாதங்களையே ஆங்கிலேயர்கள் "பிளிட்ஸ்" என்று அழைத்தார்கள். போர் முடிந்து திரும்பிய தலைமுறைதான் அமெரிக்க மைதானங்களில் ஆடியது, பயிற்சியும் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற ஒரு குண்டுவீச்சின் பெயர் இருபது வருடத்துக்குள் விளையாட்டுச் சொல்லாகி, நாயைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நீளமாகப் பந்து எறிந்தால் "பாம்", முன்வரிசை மோதும் இடம் "டிரெஞ்ச்". இந்த ஆட்டத்தின் அகராதியில் பாதி போர்க்களத்திலிருந்து வந்ததுதான்.

காட்டுப்பூனையும் 46-ம்

ஒரு அழைப்பின் பெயர் ஒரு மனிதரின் பெயராகவே மாறிய கதையும் உண்டு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் தற்காப்புப் பயிற்சியாளர் சக் டுரூலிஸ், கடைசி அடுக்கில் நிற்கும் சேஃப்டியையே பாயவைக்க ஒரு திட்டம் போட்டார். கோல்கீப்பரை முன்னால் அனுப்புவது போன்ற துணிச்சல் அது. அதற்கு "வைல்ட்கேட்" என்று பெயர். 1961-ல் லேரி வில்சன் அதை மைதானத்தில் செய்து காட்டினார். பிறகு வில்சனுக்கே "வைல்ட்கேட்" என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இதற்கு நேர்மாறாக மனிதரிடமிருந்து திட்டத்துக்குப் பெயர் போனதும் உண்டு. சிகாகோ பேர்ஸ் அணிக்காக படி ரயன் அமைத்த புகழ்பெற்ற தற்காப்பு முறையின் பெயர் "46". நான்கு பேர், ஆறு பேர் என்று கணக்குப் போட்டு வைத்த பெயர் இல்லை இது. டக் பிளாங்க் என்ற சேஃப்டி அணிந்திருந்த சட்டையின் எண்தான் 46. அந்த முறையை வைத்து 1986 ஜனவரியில் பேர்ஸ் சூப்பர் பவுலை வென்றபோது பிளாங்க் அந்த அணியிலேயே இல்லை!

ஆளுக்கு ஒரு பெயர், சந்துக்கு ஒரு எழுத்து

பெயர்கள் இப்படி மனம்போன போக்கில் பெருகினால் யாருக்கு நினைவிருக்கும்? அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் ஒழுங்கு வந்தது. எதிரணியின் பலமான பக்கத்தில் நிற்கும் லைன்பேக்கர் "சாம்", நடுவில் நிற்பவர் "மைக்", பலம் குறைந்த பக்கத்தில் நிற்பவர் "வில்". பலம், நடு, பலவீனம் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தை எடுத்து, வாயில் நுழையும் ஆண் பெயராக்கிவிட்டார்கள். மைக் யார் என்று தெரிந்தால் மற்றவர்களைக் கணக்கிட்டுவிடலாம். அதனால்தான் எதிரணிக் குவார்ட்டர்பேக்கும் மைக்கைக் கை காட்டித் தன் ஆட்களிடம் கத்துகிறார்.

அடுத்து சந்துகள். சென்டருக்கும் கார்டுக்கும் இடையே "ஏ", கார்டுக்கும் டேக்கிளுக்கும் இடையே "பி", அதற்கு வெளியே "சி". இனி "மைக் ஏ" என்றால் போதும். யார், எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டது.

சிறுவர்கள் மைதானத்தில்

1929-ல் பிலடெல்பியாவில் ஜோ டாம்லின் தொடங்கிய சிறுவர் லீக், 1934-ல் பயிற்சியாளர் பாப் வார்னரின் பெயரைப் பெற்றது. இன்றும் அமெரிக்கா முழுக்கப் பிள்ளைகள் ஆடும் அமைப்பு அது. அங்கே பிரச்சினையே வேறு. தொழில்முறை வீரர் வாரம் முழுக்கத் திட்டப் புத்தகத்தைப் படிப்பார். நான்காம் வகுப்புப் பையனுக்கு வாரத்தில் சில மாலைகள்தான் கிடைக்கும், நடுவில் வீட்டுப்பாடமும் இருக்கும். அவன் தவறான சந்தில் புகுந்தால் ஒரே சந்தில் இரண்டு பேர் முட்டிக்கொள்வார்கள். பக்கத்துச் சந்து வாசல்போல் திறந்து கிடக்கும், எதிரணிப் பையன் அதன் வழியாக ஓடிப்போவான். பெற்றோர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பழி லைன்பேக்கர் மேல்தான் விழும். அது பெரும்பாலும் அவன் தப்பில்லை, பெயர் வைத்தவரின் தப்பு.

"மைக் ஏ" என்று வெளிப்படையாகக் கத்தினால் எதிரணிக்கும் புரிந்துவிடும். அதனால் எழுத்தைச் சொல்லுக்குள் ஒளித்துவைப்பார்கள். உதாரணத்துக்கு "புல்லட்" என்றால் பி-யில் ஆரம்பிக்கும் சொல், எனவே பி சந்து. "கோப்ரா" என்றால் சி. ஊர் பெயரையும் பயன்படுத்தலாம். "மியாமி" என்றால் மைக், "வாஷிங்டன்" என்றால் வில். இருவர் சேர்ந்து போக வேண்டுமானால் "ஸ்மோக்". அதில் சாமின் எழுத்தும் மைக்கின் எழுத்தும் அடுத்தடுத்து இருக்கின்றன. மூவரும் போக "ஸ்வார்ம்", தேனீக் கூட்டம். மூன்று எழுத்துகளும் அதற்குள் இருப்பதோடு பொருளும் பொருந்துகிறது. இப்படிப்பட்ட பெயரைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யவே வேண்டாம், பெயருக்குள்ளேயே விடை இருக்கிறது. இதில் அளவும் முக்கியம். சரியாகத் தெரிந்த மூன்று அழைப்புகள், பாதி தெரிந்த பதினைந்தைவிட மேல்.

பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. சென்டர் பையன் தலையைக் குனிந்து கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுக்கும் நேரத்தில் ஏ சந்தில் ஒருவன் முழு வேகத்தில் பாய்ந்தால் என்ன ஆகும்? இதனால்தான் பல சிறுவர் லீக்குகள் சின்ன வயதுப் பிரிவுகளில் பிளிட்ஸைத் தடை செய்கின்றன, அல்லது கட்டுப்படுத்துகின்றன.

அழைப்பு போய்ச் சேரும் வழி

பெயர் வைத்தாயிற்று. கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரிடமிருந்து அது எப்படி உள்ளே போகும்? 1956-ல் கிளீவ்லாந்து பயிற்சியாளர் பால் பிரவுன் தன் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துப் பார்த்தார். லீக் தலைவர் பெர்ட் பெல் தடை போட்டுவிட்டார். 1994-ல்தான் என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக்குக்கு ரேடியோவை அனுமதித்தது. தற்காப்பு அணிக்கு அப்போதும் கைச்சைகைதான். 2007-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் அணியின் தற்காப்புச் சைகைகளை வீடியோ எடுத்து மாட்டிக்கொண்டது. பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலர், அணிக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம். அடுத்த ஆண்டே, 2008-ல், தற்காப்பு அணியிலும் ஒருவருக்கு ரேடியோ கிடைத்தது. அவர் ஹெல்மெட்டின் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும்.

சிறுவர் ஆட்டத்தில் இதெல்லாம் பெரும்பாலும் கிடையாது. கைச்சைகை, கத்தல், மணிக்கட்டில் கட்டிய சிறிய அட்டை, அவ்வளவுதான். பயிற்சியாளர் "23" என்று கத்துவார், பையன் அட்டையில் 23-ஐத் தேடிப் பார்ப்பான். பெரும்பாலும் மைக்தான் அதைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்வான். பத்து வயதில் பத்து பேருக்குக் கட்டளை சொல்லும் பொறுப்பு அவனுக்கு வந்துவிடுகிறது. சரியான சொல்லை, பந்து நகர்வதற்குள், எல்லோருக்கும் கேட்கும்படி அவன் சொல்லியாக வேண்டும். எட்டிங்கர் காலத்தில் ஒருவர் தன்னிஷ்டத்துக்கு ஓடியதிலிருந்து தொடங்கிய விஷயம், கடைசியில் பதினொரு பேரும் ஒரே சொல்லைக் கேட்டு நகர்வதில் வந்து நிற்கிறது.