பப்பாளிக் காம்பும் மூச்சுக் கருவியும்

எங்கள் தருமபுரிப் பக்கத்துக் கிணறுகளில் நீந்தும் சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பப்பாளி இலைக்காம்பின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையை வெளியே நீட்டிக்கொண்டு நீருக்குள் மூழ்கி மூச்சு விடுவார்கள். ஒரு சாண் ஆழத்தில் இது எளிது. காம்பு நீளமாக இருந்தால் கிணற்றின் அடிவரை போகலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிராம் எடை கூடுதலாக அழுத்தும். மார்பின் பரப்பை 1000 சதுர செ.மீ. என்று கொண்டால் மொத்தம் 100 கிலோ! காம்பின் வழியே வரும் காற்றுக்கோ வெளிக்காற்றின் அழுத்தம்தான். பெரிய மூட்டையை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு யாரால் மூச்சிழுக்க முடியும்?

தூத்துக்குடியில் முத்துக் குளித்தோர் குழாயை நாடவில்லை. கல்லின் துணையால் இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி அள்ளி, மேலே கயிறு பிடித்தவர் இழுக்க ஏறி வந்தார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக் குளிப்புகளிலும் மூச்சடக்கியே மூழ்கினர்.

ஆழத்திற்கேற்ற அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவியை 1860-களில் பிரான்சில் சுரங்கப் பொறியாளர் ருக்கேரோலும் கடற்படை அதிகாரி தெனெருசும் அமைத்தனர். ஜூல் வெர்ன் 1870-இல் வெளிவந்த தம் கடற்கதையில் இதைக் கற்பனையால் பெருக்கி, கதைமாந்தரை நம் மன்னார் வளைகுடா முத்துப் படுகைக்கே அனுப்பினார். உண்மையில் அன்றைய தொட்டிகளில் சிறிதளவு காற்றையே அடைக்க முடிந்தது.

1943-இல் கூஸ்தோவும் பொறியாளர் காஞ்யானும் வெற்றி கண்டனர். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கார்களை வாயுவில் ஓட்டக் காஞ்யான் ஒரு வால்வு செய்திருந்தார், அதுவே அடிப்படை. முதுகிலுள்ள ரப்பர் சவ்வை நீர் அழுத்தும். அதற்கு ஈடான காற்றை வால்வு திறந்துவிடும். ஒரு குழாயில் காற்று வரும், மற்றதில் மூச்சு வெளியேறும். மார்ன் ஆற்றில் சோதித்தபோது ஒரு வேடிக்கை. நிமிர்ந்து நின்றால் காற்று வீணே பீறிட்டது. தலைகீழானால் மூச்சிழுக்கவே சிரமம்! காரணம் என்ன? நிமிர்ந்து நிற்கையில் மூச்சு வெளியேறும் வாய் சவ்வைவிடச் சுமார் 15 செ.மீ. உயரத்தில் இருந்தது, அங்கே நீரழுத்தம் அந்த அளவு குறைவு. வெளியேறும் வாயையும் முதுகுக்குக் கொண்டுபோய்ச் சவ்வின் அருகே வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. இரண்டாவது குழாயின் ரகசியம் இதுதான்.

1960-களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மூச்சுக் கருவி அணிந்து தூத்துக்குடி முத்துப் படுகைகளை நேரில் ஆராய்ந்தனர். பிறகு ஒற்றைக் குழாய்க் கருவிகள் பரவின. ஆயினும் பழைய இரட்டைக் குழாயை விரும்பி மூழ்குவோர் இன்றும் உண்டு. அவர்கள் முதலில் புதுக்கருவியில் முறையான பயிற்சி பெறவேண்டும். பழங்கருவியின் ரப்பர் சவ்வையும் குழாய்களையும் மாற்றவேண்டும். பல்லாண்டு கிடந்த ரப்பர் இற்றுப்போகும்.

முத்துக் குளித்தவர் 20 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டுபோன 6 லிட்டர் மூச்சு அங்கே 2 லிட்டராகச் சுருங்கி, மேலே வந்ததும் பழைய 6 லிட்டராகும். கருவியோடு மூழ்குபவர் அந்த ஆழத்திலேயே 6 லிட்டர் இழுக்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் அது 18 லிட்டராக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். ஏறும்போது மூச்சை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழிக் காற்றுப் பெற்றுச் சங்கெடுக்கும் நம் மீனவருக்கும் பாயில் விதி இதேதான்.